கோப்பை யாருக்கு, தோள்வலி யாருக்கு?



அமெரிக்காவில் வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிடையே ஆண்டுதோறும் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "என் மகனுக்குப் பத்து வயது. பேஸ்பால் நன்றாக ஆடுகிறான். எந்த டிராவல் அணியில் சேர்க்கலாம்?" வார இறுதி மக்தபில் ஓதிக்கொடுக்கும் என் காதுக்கும் இக்கேள்வி வந்து சேர்வதற்குக் காரணம் உண்டு. சனி, ஞாயிறு வகுப்புகளுக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதை இப்போது அந்த அணிகளின் அட்டவணையே தீர்மானிக்கிறது. கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்களையும் கவனித்து வருகிறேன். "அந்த அணி சென்ற ஆண்டு இத்தனை கோப்பைகள் வென்றது." "இந்த அணி மேஜர் தரத்தில் ஆடுகிறது." "அங்கே பயிற்சியளிப்பவர் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்." எல்லாம் அணியைப் பற்றிய செய்திகள். அந்த அணிக்குள் நம் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது பற்றி ஒரு சொல்கூட அவற்றில் இல்லை. இப்படி அணி தேடுவது அடிப்படையிலேயே பிழையானது என்று நான் கருதுகிறேன். அந்தப் பிழையின் விலையைப் பிள்ளைகள் தம் உடலால் செலுத்துவதைக் கண்ட பின்னர் இதை எழுதாமலிருக்க இயலவில்லை.

தாயகத்திலிருந்து வாசிப்போருக்காகச் சிறு விளக்கம். அமெரிக்க ஊர்களில் சிறுவர் பேஸ்பால் இருவகையாக நடக்கிறது. முதலாவது ஊர் லீக். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து, பெற்றோரே தன்னார்வலராய் நின்று நடத்துவது. இவற்றில் புகழ்பெற்றது லிட்டில் லீக். 1939-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்று அணிகளுடன் தொடங்கியது. இரண்டாவது வகை டிராவல் பேஸ்பால். தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, கட்டணம் பெற்று, வார இறுதிகளில் வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அழைத்துச்சென்று ஆடவைப்பது. ஏ, டபிள் ஏ, டிரிபிள் ஏ, மேஜர் என்றெல்லாம் தரம் பிரிப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் தரம் உண்டு.

லிட்டில் லீக்கை உருவாக்கிய அதே ஸ்டாட்ஸ், அது பெருநிறுவனமாக வளர்ந்து வணிகத் தன்மை பெறுகிறது என்று எதிர்த்து, 1950-களின் நடுவில் அதிலிருந்தே விலகிச்சென்றார். அதன்பின் தம் சொந்த ஊரில் சிறிய அளவில் ஒரு லீக்கை நடத்திக்கொண்டிருந்தார். தன்னார்வலர்களால் நடக்கும் லிட்டில் லீக்கே அவருக்கு வணிகமாகத் தோன்றியது என்றால், இன்றைய டிராவல் அணிகளைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

டிராவல் அணிகள் அனைத்தும் தீயவை என்று நான் சொல்லவில்லை. நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். திறமையுள்ள பிள்ளைக்குத் திறமையுள்ள எதிரணி தேவை என்பதும் நியாயமே. ஊர் லீக்கில் சில பயிற்சியாளர்கள் தம் மகனையே பிட்சராகவும் ஷார்ட்ஸ்டாப்பாகவும் நிறுத்தி, பிறர் பிள்ளைகளை வெளிமைதானத்தில் புல் எண்ணவிடுகிறார்கள் என்ற குறையும் உண்மையே. ஆனால் அணிகளில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும்போது, பிரித்தறியும் அளவுகோல் நம் கையில் இருக்க வேண்டுமல்லவா? கோப்பை அந்த அளவுகோல் ஆகாது. ஏனென்று ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு விரிவாகப் பார்ப்போம். அது பந்து எறியும் கை.

நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பதினாறு வயதில் டென்னிஸ் பந்தால் தெருவில் இருபது ஓவர் வீசிவிட்டு, மறுநாள் கை வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டவர்கள். அந்தப் பழக்கத்தில் பேஸ்பாலையும் எடைபோடுகிறோம். பேஸ்பாலில் பிட்சர் எனப்படும் பந்தெறிபவர், ஒரே ஆட்டத்தில் முழு வேகத்தில் எழுபது, எண்பது முறை எறிய நேரிடுகிறது. வளரும் பிள்ளையின் தோளிலும் முழங்கையிலும் எலும்பின் வளர்ச்சித்தட்டு இன்னும் இறுகாமல் இருக்கும். ஒவ்வோர் எறியிலும் இழுபடுவது அந்த இடம்தான். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்கு டாமி ஜான் என்ற ஆட்டக்காரரின் பெயர் வழங்குகிறது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருக்கு அதை முதன்முதலாகச் செய்தார். அன்று வளர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்குச் செய்த சிகிச்சை, இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் செய்யப்படுகிறது.

இதைக் கண்டு அஞ்சிய மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் 2014-இல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 9, 10 வயதினர் ஒருநாளில் 75 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது. 11, 12 வயதினருக்கு 85. 13, 14 வயதினருக்கு 95. பதினான்கு வயதுக்குட்பட்டவர் 66 அல்லது அதற்கு மேற்பட்ட பந்துகள் எறிந்தால் நான்கு நாள்கள் ஓய்வு வேண்டும். 21 பந்துகள் எறிந்தாலே ஒருநாள் ஓய்வு. ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் எறிவதையே நிறுத்த வேண்டும். அதில் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். 9 முதல் 12 வயதுவரை உள்ளவர்கள் பன்னிரண்டு மாதங்களில் 80 இன்னிங்ஸுக்கு மேல் எறியலாகாது. ஒரே பருவத்தில் இரண்டு அணிகளுக்கு எறிவதைத் தவிர்க்க வேண்டும். எறிந்து முடித்த பிள்ளையைக் கேட்சராக உட்காரவைப்பதையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அந்த இடத்திலும் கைக்கு ஓய்வில்லை. இவற்றுள் எதுவும் இரகசியமன்று. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 481 சிறுவர் பிட்சர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓராண்டில் நூறு இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குக் கடுங்காயம் ஏற்படும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று கண்டது.

இப்போது கோப்பைக்கு வருவோம். டிராவல் போட்டித் தொடர் ஒன்று சனிக்கிழமை இரண்டு ஆட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை தோற்கும்வரை ஆட்டங்கள் என்ற முறையில் நடப்பது வழக்கம். இறுதிவரை செல்லும் அணி இரண்டு நாள்களில் நான்கு, ஐந்து ஆட்டங்கள் ஆடுகிறது. ஓர் அணியில் நம்பி எறியவைக்கத்தக்க பிள்ளைகள் நான்கைந்து பேர்தாம் இருப்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நெறிகளை முழுமையாகப் பேணும் பயிற்சியாளர், ஞாயிறு மாலை இறுதி ஆட்டத்தில் தம் ஆறாவது, ஏழாவது பிட்சரை நிறுத்தித் தோற்பார். நெறியை மீறும் பயிற்சியாளர், சனிக்கிழமை எழுபது பந்து எறிந்த பதினொரு வயதுச் சிறுவனை மீண்டும் நிறுத்தி வெல்வார். எனில், அலமாரி நிறையக் கோப்பை வைத்திருக்கும் அணியைக் கண்டால் நமக்கு முதலில் எழவேண்டியது வியப்பா, ஐயமா?

லிட்டில் லீக் 2007 முதல் பந்துகளை எண்ணுகிறது. ஒருநாளில் 41 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தவன் அன்றைய தினம் கேட்சராக அமரவும் இயலாது. டிராவல் தொடர்கள் பலவற்றில் இன்னிங்ஸ் கணக்கு மட்டுமே உண்டு. ஓர் இன்னிங்ஸ் பத்துப் பந்துகளிலும் முடியலாம், முப்பத்தைந்து பந்துகளிலும் முடியலாம். பிள்ளையின் முழங்கைக்கு இன்னிங்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. இதைவிடக் கொடியது, இரு அணிகளுக்கு ஆடுவது. புதன்கிழமை ஊர் லீக்கில் எண்பது பந்து, சனிக்கிழமை டிராவல் அணியில் எழுபது, ஞாயிறு வேறோர் அணி ஆள் குறைகிறது என்று அழைக்க 'விருந்தினராக' நாற்பது. மூன்று பயிற்சியாளர்களும் தத்தம் கணக்கில் குற்றமற்றவர்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்கும் ஒரே ஆள் வீட்டில் இருக்கும் வாப்பாவோ உம்மாவோதான். அவர்கள் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என் வகுப்பில் ஓதும் பதினொரு வயது மாணவன் ஒருவன், ளுஹர் தொழுகைக்குத் தக்பீர் கட்டக் கையை உயர்த்தும்போது முகம் சுளித்தான். வலது கை தோள்வரை எழவில்லை. தொழுது முடித்தபின் விசாரித்தேன். மூன்று வாரமாக வலிக்கிறதாம். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னால் கோச் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார், ஹஜ்ரத். அத்தா காசு கட்டியிருக்காங்க" என்றான். தந்தையை அழைத்துப் பேசினேன். நல்ல மனிதர், மகனை மிகவும் நேசிப்பவர். "கோச் ஒண்ணும் சொல்லலையே ஹஜ்ரத்" என்றார். அணியின் பெயரை எழுத விரும்பவில்லை; எந்த மாநிலத்திலும் இதுபோன்ற அணி உண்டு. அந்தச் சிறுவன் சொன்னதைத்தான் மீண்டும் மீண்டும் எண்ணுகிறேன். பத்து, பதினொரு வயதில் ஒரு பிள்ளை தன் வலியைக் கட்டணத்தோடு ஒப்பிட்டு மறைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த அமானிதத்தில் முழங்கையும் அடங்கும்.

கட்டணத்தைப் பற்றியும் சில சொற்கள். அணிக்கட்டணம், சீருடை, குளிர்கால உள்ளரங்கப் பயிற்சி, தனிப்பயிற்சி, முந்நூறு நானூறு டாலர் விலையில் மட்டை, பயணம். சில தொடர்களில் அமைப்பாளர் குறிப்பிடும் விடுதியில் தங்கினால்தான் அணியை ஆடவே அனுமதிப்பார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர். தேர்வு முடிந்த மறுநாளே மின்னஞ்சல் வரும். இரண்டொரு நாளில் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்பார்கள். வீடு வாங்கும்போது ஆறு மாதம் ஆராயும் நாம், இதற்கு இருபத்துநான்கு மணிநேரத்தில் தலையாட்டுகிறோம். அவசரப்படுத்தும் வணிகனிடம் நம் முன்னோர் பொருள் வாங்கியதில்லை.

"கல்லூரி உதவித்தொகை கிடைத்தால் எல்லாம் திரும்பிவிடுமே" என்பார்கள். இந்தக் கனவைத்தான் அணிகள் விற்கின்றன. 2025 வரை இருந்த விதியின்படி முதல் பிரிவுக் கல்லூரியின் பேஸ்பால் அணி முழுமைக்குமாக 11.7 உதவித்தொகைதான்; அதைப் பலருக்கும் பிய்த்துப் பகிர்ந்தார்கள். புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த எல்லை நீங்கி, அணியில் 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆனால் அத்தனை பேருக்கும் பணம் தரவேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கல்லூரிக்கும் இல்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதே இல்லை. மேலும் முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள், மாணவன் பதினொன்றாம் வகுப்புக்குள் நுழையும் ஆண்டின் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்கு முன்னர் ஆள்சேர்ப்புப் பற்றி அவனிடம் பேசவே விதி இடந்தராது. பத்து வயதுப் பிள்ளையின் ஆட்டத்தை எந்தக் கல்லூரியும் குறித்துவைப்பதில்லை. உங்களிடம் அப்படிச் சொன்னவர் யாராயினும், உங்கள் அறியாமையை முதலாக்குகிறார்.

"இப்போதே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவான்" என்ற அச்சம் இன்னொன்று. பத்து வயதில் யார் முந்துகிறார், யார் பின்தங்குகிறார் என்பது பெரும்பாலும் பிறந்த மாதத்தின் விளையாட்டு. பெரும்பாலான டிராவல் தொடர்களில் ஏப்ரல் 30 அன்று பிள்ளைக்கு என்ன வயதோ அதுவே அவன் பிரிவு. மே மாதம் பிறந்தவனும் அடுத்த ஏப்ரலில் பிறந்தவனும் ஒரே அணித்தேர்வில் நிற்கிறார்கள். இருவருக்குமிடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு. உயரமானவன் தேர்வாகிறான், குள்ளமானவன் அழுதுகொண்டே வீடு திரும்புகிறான். மைதானமும் மாறிக்கொண்டே வருகிறது. லிட்டில் லீக்கில் பிட்சர் எறிவது 46 அடி தொலைவிலிருந்து. உயர்நிலைப் பள்ளியில் அது 60 அடி 6 அங்குலம். பேஸ்களுக்கிடையே 60 அடி இருந்தது 90 ஆகிறது. சிறிய மைதானத்தில் வேகத்தாலேயே மிரட்டிய பலர் பெரிய மைதானத்தில் காணாமற்போவதையும், பெஞ்சில் இருந்தவன் பதினைந்து வயதில் விரிந்த தோளோடு வருவதையும் எந்த ஊர்ப் பயிற்சியாளரும் சொல்வார். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் ஒரே விளையாட்டில் தனித்தேர்ச்சி பெறுவதைப் பதினைந்து, பதினாறு வயதுவரை தள்ளிவைக்கவே அறிவுறுத்துகிறது.

இங்கே இன்னொரு தரப்பாரிடமும் எனக்கு வழக்கு உண்டு. "இதற்குத்தான் விளையாட்டே வேண்டாம் என்றோம், படிப்பும் ஓதலும் போதும்" என்று இதை வாசிக்கும்போதே சில பெரியவர்கள் தலையசைப்பார்கள். அவர்களுக்கு என் கட்டுரையைக் கொடுக்க மாட்டேன். காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் கால்பந்து ஆடி வளர்ந்தவர்கள் பள்ளிவாசலை மறந்துவிடவில்லை. அயல்நாட்டில் வளரும் பிள்ளைக்கு அண்டைவீட்டுப் பிள்ளைகளுடன் வியர்க்க ஆடும் மைதானம் பெரிய நிஃமத். தோற்றபின் எதிரணியோடு வரிசையில் நின்று கைகொடுக்கும் பழக்கத்தை எத்தனை வகுப்பறைகள் கற்றுத்தரும்?

தொழுகை பற்றியும் கேட்கிறார்கள். கோடைப் பகல் நீண்டது. இரண்டு ஆட்டங்களுக்கிடையே ளுஹரையும் அஸரையும் புல்தரையிலேயே தொழுதுகொள்ளப் பத்து நிமிடம் போதும். ரமளான் இவ்வாண்டுகளில் குளிர்கால உள்ளரங்கப் பயிற்சிக் காலத்தில் வருகிறது. நோன்பு வைக்கும் வயதுள்ள பிள்ளைக்கு அம்மாதம் பயிற்சியைக் குறைக்கச் சொல்லலாம். உண்மையான உரசல் வேறோரிடத்தில். பெருநாள் அன்று போட்டி என்றால் வரமாட்டான் என்று சொல்லும்போது பயிற்சியாளர் என்ன செய்கிறார்? அடுத்த வாரம் பெஞ்சில் அமர்த்துகிறாரா, "நல்லபடியாகக் கொண்டாடிவிட்டு வா" என்கிறாரா? இதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நாம் கேட்கக் கூசுகிறோம். பிற சமயத்தார் தம் பண்டிகைக்குக் கூசாமல் கேட்கிறார்கள்.

ஆகவே அணியைத் தேடும்போது கோப்பைகளின் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தேர்வுக்கு முன்பே ஒரு சனிக்கிழமை, மகனை வீட்டில் விட்டுவிட்டு, அந்த அணி ஆடும் மைதானத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் யாரென்று சொல்ல வேண்டாம். பேஸ்பால் விதிகள் முழுதாகத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பிழைசெய்த பிள்ளை பெஞ்சுக்குத் திரும்பும்போது பயிற்சியாளர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க விதி தெரிய வேண்டியதில்லை. யாரேனும் கையில் பந்து எண்ணும் கருவியோ தாளோ வைத்து எண்ணுகிறார்களா என்று பாருங்கள். ஆட்டம் முழுதும் பெஞ்சிலேயே இருந்த பிள்ளை எத்தனை பேர்? லிட்டில் லீக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தபட்ச ஆட்டம் விதியிலேயே உண்டு. டிராவல் அணியில் அது பயிற்சியாளரின் மனம்போல. பன்னிரண்டு பேர் கொண்ட அணியும் பதினைந்து பேர் கொண்ட அணியும் கட்டணத்தில் ஒன்றாக இருக்கலாம். பதினைந்தில் எந்நேரமும் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆறில் உங்கள் மகன் இருந்தால், மூன்று மணிநேரம் கார் ஓட்டி, விடுதியில் தங்கி, அவன் பெஞ்சில் அமர்ந்ததைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

பிறகு பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். பிட்ச் ஸ்மார்ட் எண்ணிக்கையைப் பேணுகிறீர்களா? மற்ற அணியில் அவன் எறிந்ததையும் சேர்த்துக் கணக்கிடுவீர்களா? ஆண்டில் எந்த மாதங்கள் ஓய்வு? சென்ற ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் இவ்வாண்டும் திரும்பி வந்திருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் கோப்பைப் பட்டியலைவிட அதிகம் பேசும். கேள்வி கேட்பதால் எரிச்சலடையும் பயிற்சியாளருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் முன்பணத்தைக் காப்பாற்றிக்கொடுத்திருக்கிறார். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் டபிள் ஏ அணி, மூன்று மணிநேரத் தொலைவில் ஆடும் மேஜர் அணியைவிட, பன்னிரண்டு வயதுவரை, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது என்பது என் துணிபு. ஊர் லீக்கிலேயே மகிழ்ச்சியாக ஆடும் பிள்ளையை அங்கேயே விட்டுவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வாண்டு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பதற வேண்டாம். ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். தேதி, அணி, எறிந்த பந்துகள், மறுநாள் காலை வலி உண்டா இல்லையா: நான்கு பத்திகள் போதும். மகனையே எழுதச்சொல்லுங்கள். வலி உண்டு என்று அவன் எழுதும் நாளில் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். முன்னதாக அவனிடம், கட்டிய காசைப் பற்றி அவன் ஒருபோதும் கவலைப்பட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.